இரண்டாம் பாகத்து அண்ணா

மாமாவுக்குக் காசநோய் வந்தது என் வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டம். இப்படி எழுதியதை அம்மா பார்த்திருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். ஆனால் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு விஷயம் அப்படித்தான் பட்டது. ஏனென்றால் பட்டணம் முழுக்கத் தேடியும் எங்களுக்குக் கிடைக்காத இரண்டாம் பாகம், தாம்பரத்து ஆஸ்பத்திரியில் மாமாவின் பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது.

எங்கள் வீடு பொழிச்சலூரில். அப்பா பல்லாவரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்களோடு தங்கி, காலையில் சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயில் பிடித்து ஆபீசுக்குப் போய்வருவார். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றாமல் அவருக்கு வீட்டுக்கு வழி தெரியாது. அப்படி ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்ததுதான் முதல் பாகம். யாரோ ஒரு மகராசன் வாரப்பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். பிறகு என்ன கஷ்டமோ, பழைய புத்தகக்காரனிடம் போட்டுவிட்டார். இரண்டாம் பாகம் எந்த வீட்டில் சிக்கிக்கொண்டதோ தெரியவில்லை.

அந்தக் கதை இன்றைக்கும் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. ஏரிக்கு அடியில் ஒரு கோட்டை. அதில் சாம்பலாண்டி என்று ஒரு மந்திரவாதி. அவன் மனிதர்களைக் கொல்வதில்லை. அவர்களுடைய நிழலைத் திருடி இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிடுவான். நிழல் போனவனைப் பார்த்து நாய்கூடக் குரைக்காது. பெற்ற தாய்க்கு அடையாளம் தெரியாது. இளவரசன் நிலவேந்தனின் நிழல் அப்படித்தான் பறிபோகிறது. கூடப் பிறந்தவர்களே யாரடா நீ என்று அவனை வாசலோடு துரத்துகிறார்கள். அவனை நம்புகிற ஒரே ஆள் பொன்னாழி என்ற ஓடக்காரப் பெண். இரண்டு பேரும் ஏரிக்குள் இறங்குகிறார்கள். கோட்டைக்கு ஏழு கதவு. முதல் கதவின் மேல் பொன்னாழி கையை வைக்கிறாள். உள்ளேயிருந்து அவளுடைய குரலிலேயே யாரோ, ‘யாரது?’ என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான், முதல் பாகம் முற்றும். அடுத்த பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம்.

அந்தத் தைல விளம்பரத்தை நானும் மாமாவும் எத்தனை நாள் வெறித்துப் பார்த்திருப்போம்! அப்பா, “கிறிஸ்தவங்க வீட்ல சூனியக் கதை என்ன வேண்டிக் கிடக்கு?” என்று முனகுவார். ஆனால் புத்தகத்தின் நடுவே அவருடைய வகுப்புப் பையன் ஒருவனின் கணக்குத் தேர்வுத் தாள் பக்க அடையாளமாக இருந்ததை நான் பார்த்துவிட்டேன். இரண்டாம் பாகம் கிடைத்தால் என்னை விட்டுவிட்டுத் தான் மட்டும் படிக்க மாட்டேன் என்று மாமா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வெறுங்கையோடு சைக்கிளை விட்டு இறங்குவதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

பிறகு மாமாவுக்கு இருமல் வந்தது. போகவில்லை. ஒரு நாள் கைக்குட்டையைப் பார்த்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். வியாதியின் பெயரை யாரும் சொல்லவில்லை. ‘நெஞ்சுச் சளி’ என்றார்கள். மாமா ஒரு டிரங்குப் பெட்டியோடு தாம்பரத்துக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஆராதனை முடிந்ததும் மதியம் நானும் அம்மாவும் அவரைப் பார்க்கப் போவோம். டிபன் கேரியரில் மீன் குழம்பு இருக்கும். பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். வார்டுக்கு எதிரே சரளைக்கல் பாதை, பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்பமரம். அந்த மரத்தடிதான் என் எல்லை. வராந்தாவில் ஒரு குட்டைச் சுவர். நோயாளிகள் அதில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கை காட்டுவார்கள். உள்ளேயிருந்து ஒரு துரும்புகூட வெளியே வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். வீட்டுக்கு வந்ததும் டிபன் கேரியர், அவள் புடவை, என் பாவாடை எல்லாம் கொதிக்கிற தண்ணீருக்குள் போகும். முடிந்திருந்தால் என்னையும் அதில் போட்டிருப்பாள்.

ஒரு ஞாயிறு, நாங்கள் பாதையில் வரும்போதே மாமா குட்டைச் சுவருக்கு மேல் எம்பிக் கையை ஆட்டினார். சத்தமாகப் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததையெல்லாம் மறந்துவிட்டு, “ரெண்டாம் பாகம்! ரெண்டாம் பாகம் இங்க இருக்கு!” என்று கத்தினார். அம்மா டிபன் கேரியரைக் கீழே போட்டுவிட்டாள், ஏதோ ஆகிவிட்டது என்று. எனக்குக் கால் தரையில் இல்லை.

மாமாவுக்குப் பக்கத்தில் நின்றவர்தான் புத்தகத்துக்குச் சொந்தக்காரர். ஒல்லி, உயரம், எண்ணெய் போட்டுப் படிய வாரிய தலை. மாமா அவரை அண்ணா என்று கூப்பிட்டார். மாமாவின் அண்ணன் எனக்கு இன்னொரு மாமாதானே, ஆனால் நானும் அண்ணா என்றே வைத்துக்கொண்டேன். ராயபுரம் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். வார்டுக்கு வரும் வாரப்பத்திரிகையை எல்லோரும் படித்து முடித்த பிறகு இவர் பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொள்வாராம். எக்ஸ்ரே உறையின் மஞ்சள் அட்டையை மேலே போட்டு, முதுகுக்குக் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி ஒட்டி, ஊசி நூலால் தானே தைத்திருந்தார். அவர் அதைத் தூக்கிக் காட்டினார். பாதைக்கு அந்தப் பக்கம், மஞ்சளாக, தடியாக, கையெட்டாத தூரத்தில் இரண்டாம் பாகம்.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் புத்தகத்தை நான் தொடுவது இந்த ஜென்மத்தில் நடக்காது என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

“தொட வாணாம் பாப்பா,” என்றார் அண்ணா. “நான் படிக்கிறேன், நீ அங்கேர்ந்து கேளு. ஆனா எனுக்கு ஒண்ணு வோணும்.”

“என்ன வேணும்?”

“மொதல் பாகம். நான் இங்க வந்து படுத்தப்ப கதை பாதில ஓடிகினு இருந்துச்சு. அந்தப் பையனோட நெழலு எப்டிப் போச்சுன்னே தெரியாம இத்தினி வருசமா மண்டைய பிச்சிகினு கீறேன்.”

நான் யோசித்தேன். உள்ளே போனால் முதல் பாகம் திரும்பி வராது. என் காலிகோ அட்டை, என் ஏரிக்கோட்டைப் படங்கள், அப்பாவின் பக்க அடையாளம் எல்லாம் போய்விடும். அடுத்த ஞாயிறு வரை யோசித்தேன். கடைசியில் பொன்னாழி கதவில் கை வைத்தபடியே நிற்பது தாங்க முடியாமல், புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி அம்மாவிடம் கொடுத்து உள்ளே அனுப்பினேன். அண்ணா அதைப் பிரித்து, முதல் பக்கத்தைப் பார்த்து, மூக்கில் வைத்து மோந்துவிட்டு, சின்னப் பையன் மாதிரி சிரித்தார். என்னுடைய புத்தகத்தை இவ்வளவு பெரிய ஆள் இப்படி மோந்து பார்க்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் படித்தார் பாருங்கள், அந்தப் படிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அச்சகத்தில் ஒருத்தர் எழுத்துப் பிரதியைச் சத்தமாகப் படிக்க, இன்னொருத்தர் அச்சான தாளில் பிழை பார்ப்பாராம். படிக்கிறவர் குறிகளையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அண்ணாவுக்கு அதுதான் வேலை. கதை படிக்கும்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை.

“பொன்னாழி கமா நில் ஆச்சரியக்குறி. அந்தக் கதவைத் தொடாதே ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி என்று அலறினான் நிலவேந்தன் முற்றுப்புள்ளி.”

பேசும்போது கீது, வாணாம் என்று பேசுகிறவர், படிக்கத் தொடங்கினால் ராஜசபைத் தமிழில் முழங்குவார். ஆச்சரியக்குறி வந்தால் கையை ஓங்குவார். கேள்விக்குறிக்குப் புருவத்தைத் தூக்குவார். மூன்று புள்ளி வைத்து வாக்கியம் நின்றால், “புள்ளி… புள்ளி… புள்ளி…” என்று குரலை இறக்கிக்கொண்டே போவார், எனக்கு முதுகு சிலிர்க்கும். மற்ற நோயாளிகளும் வந்து சுவரோரம் உட்காருவார்கள். என்னைப் போலவே மரத்தடியில் நின்ற பிற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அம்மாகூட மீன் குழம்பை மாமாவிடம் கொடுத்துவிட்டு, ஊறுகாய் பாட்டிலைக் கையில் வைத்தபடியே நின்று கேட்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. சாம்பலாண்டி வாயைத் திறந்து மந்திரம் சொல்லப் போகிற நேரம் பார்த்துத் தடதடவென்று மின்சார ரயில் வரும். அண்ணா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் காத்திருப்பார். எனக்கு அந்த ரயிலையே தடம் புரட்டிவிடலாம் போலிருக்கும். அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு வாரமும் ஒரு கதவுதான். இரண்டாம் கதவில் நாக்கில்லாத காவலாளி. மூன்றாம் கதவைத் திறக்கப் பொன்னாழி தன் பெயரையே கொடுத்துவிட வேண்டும். அங்கே நிறுத்திவிடுவார். “இன்னும் கொஞ்சம் அண்ணா!” என்று நான் குதித்தால், “மீதி அடுத்த ஞாயித்துக்கெழமை,” என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். ஒரு மனிதர் இவ்வளவு கஞ்சத்தனமாக இருக்க முடியுமா என்று எனக்கு ஆத்திரமாக வரும். மாமாவாவது நடுவில் எடுத்துப் படித்திருக்கலாம். வாக்குக் கொடுத்தவர் அல்லவா, தொடவே இல்லை. பக்கத்துக் கட்டிலுக்கடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க என்னைப் போலவே தவித்துக் கிடந்தார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வார்டில் எல்லோரும் இருமினார்கள். அண்ணா இருமவே இல்லை. அவ்வளவு நேரம் முழங்கியும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. திரும்பி வரும்போது அம்மாவிடம் கேட்டேன்.

“அந்தத் தம்பிக்கு எப்பவோ சரியாயிடுச்சாம். கூட்டிட்டுப் போக வீட்லேர்ந்து ஆள் வரல,” என்றாள். “அங்கயே கூடமாட வேலை செஞ்சுகிட்டு இருக்கு.”

ஆள் வரவில்லை என்றால் ரயில் தாமதமாகியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. எப்படியும் நல்லதுக்குத்தான். அந்த ஆள் இரண்டாம் பாகம் முடிந்த பிறகு வந்தால் போதும்.

ஆனால் இடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. ஐந்தாம் கதவு திறந்த வாரம், மாமாவின் சளியில் கிருமி இல்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அம்மா ரயிலிலேயே அழுதாள், சிரித்தாள். நானும் அழுதேன். மாமா மேல் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். அப்பா வேதம் வாசித்த பிறகு ஆளுக்கொரு ஜெபம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அம்மா ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆனது. என் முறை வந்தது. மனதில் இருப்பதை மறைக்காமல் கர்த்தரிடம் கேட்க வேண்டும் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“இயேசப்பா, மாமாவை இப்பவே அனுப்பிடாதீங்க. இன்னும் ரெண்டு கதவு பாக்கி இருக்கு. அது முடியற வரைக்கும் கொஞ்சமா இருமல் இருக்கட்டும். ஆமென், முற்றுப்புள்ளி.”

அப்பா கண்ணைத் திறந்தார். ஜெபத்தின் நடுவில் அவர் கண்ணைத் திறந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கிடைத்தது. அதற்கு முன்னால் கிடைத்ததைப் பற்றி இங்கே எழுதவில்லை.

கர்த்தர் அம்மாவின் ஜெபத்தைத்தான் கேட்டார். மாமா வந்துவிட்டார். கன்னம் உப்பி, முட்டையும் பாலும் சாப்பிட்ட மினுமினுப்போடு வந்தார். ஆஸ்பத்திரியில் கட்டியிருந்த வேட்டி காய்வதற்குள் அம்மா பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாள். மாமா இத்தனை நாளும் பெங்களூரில் ஆபீஸ் டிரெயினிங்கில் இருந்தார் என்பது எங்கள் வீட்டின் புதிய சட்டம். “யார் கேட்டாலும் பெங்களூர்தான். மறந்து வேற ஏதாச்சும் சொன்னே, மாமாவுக்குக் கல்யாணமே நடக்காது, புரியுதா?” என்று அம்மா என் காதைப் பிடித்துச் சொன்னாள்.

காது வலித்ததே தவிர, என் கவலை அது இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. யாரும் தாம்பரத்துப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தப் பக்கம் போகும் ரயிலைப் பார்த்தால்கூட அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே ஆறாம் கதவுக்கு முன்னால் பொன்னாழி பெயரில்லாமல் நிற்கிறாள், இங்கே இவர்கள் ஜாதகம் இல்லாத குறையாகப் பெண்ணின் குடும்பத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்! மாமாவை நச்சரித்தேன். முதலில், “பார்க்கலாம்” என்றார். அப்புறம், “அங்க போனா யாராச்சும் பார்த்துடுவாங்க” என்றார். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். பெண்வீட்டார் வரும் அன்றைக்கு நான் பெங்களூரை ஒழுங்காகச் சொல்லிவிட்டால், அம்மாவுக்குத் தெரியாமல் ஒரே ஒரு முறை கூட்டிப்போவார்.

பெண்வீட்டார் செங்கற்பட்டிலிருந்து வந்தார்கள். பெண்ணின் அத்தை ஒருத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவள், கேசரியைத் தொடாமல் என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“மாமா எங்க போயிருந்தாங்க கண்ணு?”

“பெங்களூரு,” என்றேன். அம்மாவின் மூச்சு சீரானது.

“நீ போய்ப் பார்த்தியா? மாமா எப்படிப்பட்ட இடத்துல இருந்தாங்க?”

பெங்களூரை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் அது தானாக வந்தது. “ஒரு பெரிய கோட்டை ஆன்ட்டி. ஏரிக்குள்ள. நிறைய கதவு. ஒவ்வொரு கதவுக்கும் காவல். உள்ள போனவங்க சீக்கிரம் வெளிய வர முடியாது. சின்னப் பிள்ளைங்களை விடவே மாட்டாங்க, மரத்தடியிலயே நிக்கணும்…”

மாமா குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தார். அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஒரு விநாடி கழித்துப் பெண்ணின் அப்பா உரக்கச் சிரித்தார். “வாத்தியார் வீட்டுப் பிள்ளை இல்லையா, என்னமா கதை விடுது பாருங்க!” அத்தையும் சிரித்தாள். கேசரியை எடுத்தாள். அன்றைக்கே பேச்சு முடிந்தது. அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அப்பா, இதெல்லாம் நம்ம வழக்கம் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு, தாம்பரம் மார்க்கெட்டில் பழம் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு மாமா என்னைக் கூட்டிப்போனார். ரயிலில் என் தொடை ஆடிக்கொண்டே இருந்தது. ஆறாம் கதவு, ஏழாம் கதவு, இரும்புப் பெட்டி, நிழல்! ஆஸ்பத்திரி வாசல் வரை மாமாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். வாசலுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். உள்ளே பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டிக்கடை. “நீ போய்க் கேட்டுட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்,” என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கதையின் முடிவு வேண்டாமா இவருக்கு? ஆனால் நின்று கேட்க நேரமில்லை.

வேப்பமரத்தடிக்கு ஓடினேன். அண்ணா குட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை, மடியில் மஞ்சள் புத்தகம். எனக்காகவே புறப்பட்டு வந்து உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

“இன்னா பாப்பா, இத்தினி நாளா ஆளையே காணோம்? நான் அந்தப் பக்கத்துலயே வெரல வெச்சிகினு குந்திகினு கீறேன்.” அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. “மாமா நல்லாக் கீறாரா? எங்க, வரலியா?”

யார் கேட்டாலும் பெங்களூர் என்பது சட்டம். அதில் யாருக்காவது விலக்கு உண்டு என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. பெண்வீட்டார் முன்னால் சொன்னதைவிட இன்னும் தெளிவாக, திக்காமல் சொன்னேன்.

“மாமா பெங்களூர்ல இருக்காங்க. டிரெயினிங்.”

அண்ணா என் தலைக்கு மேலாக வாசல் பக்கம் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். சாலையும், பெட்டிக்கடையும், கடையோரம் வெள்ளைச் சட்டையில் ஒருவரும் நன்றாகத் தெரிந்தார்கள். நல்லவேளை, மாமா முதுகைக் காட்டி நின்றிருந்தார். பெங்களூர் பிழைத்தது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

“பெங்களூரா,” என்றார் அண்ணா. மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்தார். பிறகு, “அங்க குளுரு ஜாஸ்தி பாப்பா. ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லு. நெஞ்சுக்கு ஆவாது,” என்றார்.

“சரி. படிங்க அண்ணா!”

படித்தார். அன்றைக்கு அவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஆறாம் கதவோடு நிறுத்திவிடுவாரோ என்று நான் பதறியது வீண். நிறுத்தவே இல்லை. ரயில் வந்தபோதுகூட நிற்காமல் குரலை உயர்த்திக்கொண்டார். ஆறாம் கதவு உடைந்தது, ஆச்சரியக்குறி. சாம்பலாண்டி எரிந்து சாம்பலானான், ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி. இரும்புப் பெட்டி திறந்தது. நிழல் எழுந்து வந்து நிலவேந்தனின் காலில் ஒட்டிக்கொண்டது. நான் மரத்தைச் சுற்றி ஓடினேன், கைதட்டினேன். ஆனால் வெளியே போகும் ஏழாம் கதவு உள்ளேயிருந்து யாராவது பிடித்துக்கொண்டால்தான் திறந்து நிற்கும். பொன்னாழி பிடித்துக்கொள்கிறாள். “நீ போ கமா நான் பிடித்துக்கொள்கிறேன் முற்றுப்புள்ளி.” உன்னை அழைத்துப்போக வருவேன் என்று சொல்லிவிட்டு நிலவேந்தன் மேலே நீந்திப் போகிறான். கதவு மூடிக்கொள்கிறது. இரண்டாம் பாகம் முற்றும்.

“வருவானா அண்ணா? திரும்பி வருவானா?”

“மூணாம் பாகத்துல கீது அது.” புத்தகத்தை மூடி, அட்டையை உள்ளங்கையால் தடவினார். “இன்னும் தைக்கல.”

“சீக்கிரம் தைச்சு வைங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்!”

“செரி பாப்பா. பாத்துப் போ, ரோட்ல லாரி வரும்.”

நான் வாசலைத் தாண்டும் வரை அவர் கை காட்டிக்கொண்டிருந்தார். சாலையைக் கடந்து ஓடி, மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். எனக்குப் பாராட்டு வேண்டியிருந்தது.

“மாமா, அண்ணாகிட்டயும் நீங்க பெங்களூர்ல இருக்கீங்கன்னு சொல்லிட்டேன். அப்படியே நம்பிட்டாரு! ஸ்வெட்டர் போட்டுக்கச் சொன்னாரு, நெஞ்சுக்கு ஆவாதாம்!”

மாமா என்னை மெச்சிக்கொள்ளவில்லை. பழம் வாங்கவும் மறந்துவிட்டார். ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாவம், எனக்குக் கொடுத்த வாக்குக்காக அத்தனை வாரம் பக்கத்துக் கட்டிலுக்கடியில் இருந்த புத்தகத்தைத் தொடாமல் இருந்தவர். இப்போது நான் மட்டும் முடிவைக் கேட்டுவிட்டேன். யாருக்குத்தான் வருத்தமாக இருக்காது?

எனவே அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஆறாம் கதவிலிருந்து தொடங்கி, ஒரு வரி விடாமல், கமா முற்றுப்புள்ளி ஆச்சரியக்குறி உட்பட, பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி முழுக்கதையும் சொன்னேன். பொன்னாழி கதவைப் பிடித்துக்கொண்டு, நீ போ என்று சொல்கிற இடம் வந்தபோது மாமா கைக்குட்டையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கதை சொல்லும் திறமை எனக்கு இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

“அழாதீங்க மாமா,” என்றேன். “இன்னும் மூணாம் பாகம் இருக்கு. அடுத்த வாரம் நீங்களும் உள்ள வந்து கேக்கலாம்.”

மாமா தலையை அசைத்தார். சரி என்று சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.